மாப்பிள்ளையின் இடது காது

ஜூலை 6, ஞாயிறு

மாப்பிள்ளையின் தலையை எடுக்கப் போகிறார்களாம். மாநிலச் சங்கத்திலிருந்து காலையிலேயே வாட்ஸப்பில் சுற்றறிக்கை வந்துவிட்டது. படித்ததும் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மாப்பிள்ளை என்பது நாங்கள் சுடுகிற அட்டை. பழுப்பு அட்டையில் வெட்டிய ஆள் உருவம்; தோள், நெஞ்சு, மேலே சின்னதாக ஒரு சதுரத் தலை. கல்யாண மேடையில் நிற்பவனைப் போல விறைத்துக்கொண்டு நிற்பதால் எங்கள் கிளப்பில் அவனுக்கு அந்தப் பெயர். பட்டாசுக்குப் பெட்டி செய்கிற என் தொழிற்சாலையில்தான் மாப்பிள்ளைகளும் பிறக்கிறார்கள். அந்த வகையில் நான் அவர்களுக்குத் தகப்பன்.

ஒரே இடத்தில் நின்று ஒரே கறுப்பு வட்டத்தைச் சுடுகிற விளையாட்டல்ல எங்களுடையது. காற்றுத் துப்பாக்கிதான், ஆனால் மணி அடித்ததும் ஓட வேண்டும். தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, வழியில் நிற்கும் மாப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு குண்டு போட வேண்டும். வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். இடையிடையே வெள்ளை அட்டைகளும் நிற்கும். அவற்றில் பட்டால் அபராதம். இதில் பெரிய குசும்பு, வெள்ளைக்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளையை ஒளித்துவைத்துத் தலையை மட்டும் வெளியே காட்டுவது. ஓடுகிறவனெல்லாம் அங்கே வந்து தடுமாறுவான். நான் தடுமாற மாட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஓட்டம் வராது, நிதானம் வரும். அந்தத் தலைதான் என் சோறு.

இனிமேல் தலை கிடையாதாம். எட்டு மூலையுள்ள வெறும் அட்டை, நடுக்கட்டம் இப்போதையதைவிடச் சிறிசு. ஒவ்வொரு கிளப்பும் தன் முடிவை ஆகஸ்ட் இருபதுக்குள் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்கிற கிளப்பில் இந்த ஆண்டு அணித் தேர்வே புது அட்டையில் நடக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மனசு ஆறவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெட்டி மடிக்கிற பெண்கள் இரண்டு பேர் வரவில்லை. ஆவுடை வந்து உட்கார்ந்து மடித்துக் கொடுத்தாள். என் மனைவியின் கை வேகம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடையாது. பேசிக்கொண்டே மடிப்பாள், பெட்டி தானாகக் குவியும்.

மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் அவளைக் கிளப்புக்கு இழுத்துப் போனேன். சுட்ட அட்டையில் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டவாவது ஒரு ஆள் ஆயிற்று என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து எங்கள் தலைவர் உமாபதி, மாட்டு டாக்டர், கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பழுதாகிவிட்டதோ என்று.

ஜூலை 13, ஞாயிறு

கல்குவாரிப் பள்ளத்தில் பயிற்சி. மூன்று பக்கமும் பாறை, நான்காவது பக்கம் எங்கள் டீ கேன். குண்டு பாறையில் பட்டுத் திரும்பாமலிருக்க ஒவ்வொரு மாப்பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பிளைவுட் பலகை வைத்திருக்கிறோம். அட்டையைத் தப்பிய குண்டெல்லாம் அதில் போய்ச் செருகிக்கொள்ளும்.

ஆவுடை இன்றும் எல்லோரையும்விட வேகம். நெஞ்சுக் கட்டத்தில் எல்லாம் நடுவில். ஆனால் மூன்றாம் நம்பர் அட்டைத் தாங்கியில், வெள்ளைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மாப்பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லை. "தலை மிஸ், ரெண்டு" என்று உமாபதி வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். கிளப் செயலாளர் என்பதால் எழுதுகிற வேலை என்னுடையது.

"தலையில மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"கண்ணு மூக்கு இருக்க மாதிரியே தோணுதுங்க. பாவமா இருக்கு" என்றாள்.

அட்டைக்கு இரக்கப்படுகிற ஒரே பெண் பிள்ளை இவள்தான். நேற்று அதே கையால் உயிர் கெண்டை மீனைத் தரையில் அடித்துச் செதில் சீவினாள்.

அவள் குண்டு உருண்டை முனை. மற்ற எல்லோரும் தட்டை முனை போடுகிறார்கள். அது நகத்தில் குத்துகிறது என்று இவளுக்கு மட்டும் நான் தனியாக வாங்கித் தருகிறேன். தட்டை முனை வட்டமாக வெட்டும், உருண்டை முனை ஓரத்தைக் கிழிக்கும். என் துப்பாக்கி பழைய ஜாதி, குண்டே பெரிசு. ஆகவே ஓட்டையைப் பார்த்தே எங்கள் இரண்டு பேரையும் சொல்லிவிடலாம்.

ஜூலை 16, புதன்

இஸ்திரி போட்ட துணி வந்தது. கிளப் அணியின் மெரூன் டீஷர்ட்டும் அதில் இருந்தது. முதுகில் "தவசி" என்று மஞ்சள் எழுத்து. முழுப்பெயர் தவசிலிங்கத்துக்கு இடம் போதவில்லை.

அணியில் நான்கு இடம். ரிட்டயர்ட் எஸ்.ஐ. பெருமாள்சாமி, டாக்டர் உமாபதி, பி.டி. டீச்சர் அமலி, இந்த மூன்றும் எழுதிவைத்த மாதிரி. நான்காவது இடத்துக்குத்தான் தள்ளுமுள்ளு. பதினோரு வருடம் நான் மாற்று ஆளாக இருந்தேன். மாற்று ஆள் என்றால் மாநிலப் போட்டிக்கு எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போகிறவன். போன வருடம்தான் நான்காவதாக வந்து இந்த டீஷர்ட்டை வாங்கினேன். ஐந்தாவதாக வந்தவள் ஆவுடை.

இந்த வருடமும் எனக்கு அந்த இடம் வேண்டும். டைரியில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். சாத்தூர்க் காராசேவு ஒரு கிலோ, டீ இரண்டு சுற்று. ஒன்பது உறுப்பினரும் ஆஜர். இப்படி எல்லோரும் வந்தது கிளப் தொடங்கிய நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

பெருமாள்சாமி எழுந்ததுமே சூடு. அம்பாசமுத்திரத்துக்காரர், இங்கே ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டார். பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையில் நிற்கிறது. "தலையில்லாத முண்டத்தச் சுடுததுக்கு என்னவே போட்டி? இன்னைக்குத் தலைய எடுப்பான், நாளைக்குத் தோள எடுப்பான். நாளன்னைக்கு வெறும் கம்ப நட்டு வச்சி, சுட்டதா நெனச்சிக்கிடுங்கம்பான்!"

"தலையில்லாத மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தலை இருந்தும் நமக்குக் குடுத்தாங்கள்ல" என்றார் உமாபதி.

எல்லோரும் சிரித்து முடிக்கக் காத்திருந்து அமலி டீச்சர் பேசினார். "எங்க ஸ்கூல்ல பதினாலு பிள்ளைங்க பேர் குடுத்திருக்காங்க அண்ணாச்சி. ஹெச்.எம். ஒரு நாள் வந்து பாத்தாங்க. 'பிள்ளைங்கள மனுசன சுடவா பழக்குறீங்க'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? மாப்பிள்ளைன்னு நாம பேரு வச்சுருக்கோம்னா? அத வெளிய சொன்னா இன்னும் மோசம்."

"பிள்ளையளுக்கு வட்ட அட்ட வச்சிக்கிடுங்க. எங்க தலையில ஏன் கை வைக்கிய?" என்றார் பெருமாள்சாமி.

அடுத்தது நான். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். இது ஓட்டப்பந்தயம் இல்லை, வேகத்தோடு நிதானமும் வேண்டும், அந்த நிதானத்தைச் சோதிக்கிற ஒரே இடம் தலைதான், அதை எடுத்துவிட்டால் கால் உள்ளவன் மட்டும் ஜெயிப்பான், கண் உள்ளவன் எங்கே போவான் என்று கேட்டேன். கைதட்டினார்கள். என் டீஷர்ட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சபைக்குத் தேவையில்லாத விஷயம்.

முடிவை ஆகஸ்ட் பதினேழாம் தேதி எடுப்பது, இப்போது சும்மா கை தூக்கிப் பார்ப்பது என்றார் உமாபதி. தலை வேண்டாம் என்று நாலு கை. வேண்டும் என்று ஐந்து. ஐந்தாவது கை ஆவுடையினுடையது.

"தலை இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். காராசேவுத் தட்டை அடுத்தவருக்குத் தள்ளினாள்.

ஜூலை 21, திங்கள்

தலையைச் சுட மனசு வராதவள் தலை வேண்டும் என்று கை தூக்குகிறாள். கேட்டால், "நீங்க அவ்வளவு பேசுனீங்கள்ல, அதான்" என்கிறாள். இவ்வளவு காலத்தில் நான் பேசியதற்காக அவள் ஒரு புடவையின் நிறத்தைக்கூட மாற்றியதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தலையில்லாத அட்டை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க நாலைந்து வெட்டி எடுத்துப் போனேன். பெற்ற கையாலேயே தலையை வெட்டினேன். எட்டு மூலையோடு பார்க்க ஏதோ சாலையோர எச்சரிக்கைப் பலகை மாதிரி இருந்தது. பெருமாள்சாமி அதன் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று டீ கேனுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை கேட்டார்.

எனக்குச் சுமாராக வந்தது. வெள்ளைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மூலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. தலைக்கு ஒரு கழுத்து உண்டு, கண் பிடித்துக்கொள்ளும். மூலைக்கு என்ன இருக்கிறது?

ஆவுடை சுடவில்லை. மணிக்கட்டு சுளுக்கு என்றாள். சாயங்காலம் ஐந்து பேர் சாப்பிடுகிற அளவுக்கு இடியாப்பம் பிழிந்தாள். எங்கள் வீட்டு இடியாப்பக் குழலைத் திருக எனக்கே இரண்டு கை வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஊரெல்லாம் காலண்டர் பூஜை. அச்சகக்காரர்கள் அடுத்த வருடத்தை இன்றைக்கே விற்கத் தொடங்கிவிட்டார்கள். நாலு பேர் காலண்டர் கொடுத்தார்கள், நாலிலும் முருகன். பயிற்சி இல்லை. ஆவுடை தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை மூன்றும் கட்ட, பிளவக்கல் அணைக்குப் போய் வந்தோம். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நல்ல நாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வியாழன் மழையில் பலகைகள் ஊறி உப்பிவிட்டன. பயிற்சி முடிந்ததும் நாலு தாங்கிகளைக் குட்டியானையில் ஏற்றி வந்து, தொழிற்சாலை முற்றத்தில் பழைய பிளைவுட்டைக் கழற்றினேன்.

மூன்றாம் நம்பர் தாங்கி எப்போதும் வெள்ளைக்குப் பின்னால் நிற்பது. அதன் பலகையில் தலையைச் சுற்றி எல்லோருடைய தவறுகளும் தூறல் விழுந்த மாதிரி கிடந்தன. என் பெரிய ஓட்டைகளும் ஏழெட்டு உண்டு. மறைப்பானேன்.

இடது பக்கம், மாப்பிள்ளைக்குக் காது இருந்தால் இருந்திருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழி. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் மூடிவிடும். உள்ளே ஈயத்தின் மேல் ஈயம் அப்பியிருந்தது. ஓரம் முழுக்கச் சிராய். உருண்டை முனைக் குண்டு.

சுடுகிறவர்களுக்கு முதல் மாதமே தெரிந்துவிடுகிற பாடம் இது: தவறுகிற கை சிதறும். இடம் மாறாமல் தவற வேண்டுமென்றால், நினைத்த இடத்தில் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவேளை துப்பாக்கியின் குறி இடப்பக்கம் இழுக்கிறதோ என்று அவள் துப்பாக்கியை எடுத்து வந்து, ஒரு மாப்பிள்ளையை நிறுத்தி மூன்று குண்டு போட்டேன். மூன்றும் நெற்றி நடுவில்.

புதுப் பலகைகளை அடித்தேன். அந்தப் பழையதை மட்டும் விறகில் போடாமல் அட்டைக் கட்டுக்குப் பின்னால் சாத்தினேன். "என்னங்க இம்புட்டு நேரம்?" என்று ஆவுடை கேட்டாள். ஆணி துருப்பிடித்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தீபாவளிப் பெட்டி ஆர்டர் வந்தது. பசிக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் இறங்கும்.

அவள் பாவம் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல. மாப்பிள்ளையைப் போலவே விறைத்துக்கொண்டு நிற்கிற இன்னொரு ஆளை.

முதல் நாள் கோபம்தான் வந்தது. என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாளா, தாயம் விளையாடும்போது அழுகிறவனுக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி? போன வருடம் நான்காவது இடம் என்று அறிவித்தபோது பெருமாள்சாமி என்னைத் தூக்கிச் சுற்றினார். முறுக்கு, மிக்சர் வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். இவள்தான் பொட்டலம் கட்டினாள். கட்டும்போது முகத்தில் ஒரு சின்ன அசைவாவது தெரிய வேண்டுமே!

அப்புறம் வேறு ஒன்று தோன்றியது. ஓடிப் போய், மூச்சைப் பிடித்து, கைக்கு எட்டுகிற வெற்றியை விட்டுவிட்டு அரை விரல் தள்ளிச் சுடுவது என்றால் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கை நெற்றி நடுவுக்குத் தானாகப் போகும். அதைப் பிடித்து இழுத்துக் காதோரம் வைக்க வேண்டும். பேராசைக்காரன் என்றால் நான்தான். இது இரண்டு வருடமாக என் கண் முன்னால் நடந்திருக்கிறது, புள்ளியை எழுதியதே நான்.

அவள் ஏன் தலைக்குக் கை தூக்கினாள் என்பதும் இப்போது விளங்குகிறது. தலை இருக்கிறவரைக்கும் "பாவமா இருக்கு" என்று ஒரு சாக்கு உண்டு. எட்டு மூலை அட்டையைப் பார்த்து யார் பாவப்படுவார்கள்? தப்பவிடுவதற்கு அவளுக்கு வேறு இடமில்லை.

டீஷர்ட்டை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். ஆவுடை அதை எடுத்து மறுபடி மேலே மாட்டியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாக்கெடுப்பு. மறுபடி காராசேவு. பெருமாள்சாமி வெற்றிக்கு முன்கூட்டியே ஒரு கிலோ அல்வா வாங்கி வந்திருந்தார்.

செயலாளர் என்ற முறையில் கடைசியாக எழுந்தேன். போன தடவை நான் பேசியதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் பதினாலு பிள்ளைகள் பள்ளத்துக்கு வெளியே நிற்கும்போது நம் ஒன்பது பேர் நியாயம் பெரிசில்லை என்று தோன்றுகிறது என்றேன். "தலை வேண்டாம்" என்று கை தூக்கினேன். ஐந்துக்கு நாலு, இந்தத் தடவை அந்தப் பக்கம்.

அமலி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பெருமாள்சாமி என்னையே பார்த்தார். "என்னவே தவசி, அன்னைக்குக் காராசேவு மேல சத்தியம் பண்ணாத கொறயாப் பேசுனீரு. உம்ம நம்பி அல்வால்லா வாங்கிட்டேன்!"

"அல்வாவுக்குத் தலையா முண்டமா எஸ்.ஐ. சார்? வெட்டுங்க, சாப்பிடுவோம்" என்றார் உமாபதி. முதல் துண்டு பெருமாள்சாமிதான் சாப்பிட்டார். மூன்றாவது துண்டும்.

ஆவுடை அல்வாவைத் தொடவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ரயில்வே கேட் வரைக்கும் வந்தாள். கேட் மூடியிருந்தது.

"ஏங்க மாத்திக் கை தூக்குனீங்க?"

"டீச்சர் பிள்ளைங்களுக்காக."

"அதுக்கு மட்டுமா?"

ரயில் வந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளுக்காக என்பதும் பொய் இல்லை. பிள்ளைகளை நினைக்கும்போது மனசு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தினமும் காலையில் தொழிற்சாலை முற்றத்தில் புது அட்டையில் பழகுகிறேன். எனக்கு அந்த நான்காவது இடம் இன்னமும் வேண்டும். ஆனால் என் கையால் வாங்கியதாக வேண்டும். வேகமாக ஓடினால் மூச்சு வாங்குகிறது, நின்று சுட்டால் நேரம் போகிறது. பெட்டி மடிக்கிற பெண்கள் மணி அடித்து விடுகிறார்கள். "முதலாளி, கேட்டத் தாண்டும்போது மெதுவாப் போங்க, வேட்டி தடுக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். நாளையிலிருந்து கால்சட்டை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஆவுடையின் மணிக்கட்டுச் சுளுக்கு இன்னும் சரியாகவில்லையாம். தேர்வில் கலந்துகொள்வது சந்தேகம் என்கிறாள். அதே கையால் சிலிண்டரை உருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

"பேர் குடுத்தாச்சு. வராட்டி கிளப்புக்கு மரியாதை இல்ல" என்றேன். செயலாளராகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேர்வு நாள். காலையிலிருந்து மேகம், வெயிலில்லை, சுடுகிறவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி நாள். அமலி டீச்சரின் ஹெச்.எம். வந்திருந்தார். புது அட்டையை அருகில் போய்ப் பார்த்து, "இது என்ன, கடிகாரமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை இறந்து கடிகாரம் பிறந்தது. எல்லோரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள், பெருமாள்சாமியைத் தவிர.

என் முறை ஆறாவது. நன்றாக ஓடினேன். என் கணக்கில் அது ஓட்டம்தான். முதல் இரண்டு அட்டை நடுவில். மூன்றாம் தாங்கியில் வெள்ளைக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும். பழைய நானாக இருந்தால் நின்று, மூச்சை அடக்கி, அப்புறம் சுடுவேன். இன்று நேரம் காதில் டிக் டிக் என்றது. அவசரப்பட்டேன். போட்டது தப்பியது, திரும்பப் போட்டேன், அதுவும் தப்பியது, இன்னொன்று வெள்ளையில் உரசியது. உமாபதி வாசித்தார், இந்தத் தடவை அமலி டீச்சர் எழுதினார்.

கடைசி முறை ஆவுடை. மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் மூன்றாம் தாங்கி அட்டைக்கு டேப் ஒட்டிவிட்டுத் திரும்பி வரும்போது அவளைத் தாண்டி நடந்தேன். தொடக்கக் கோட்டில் ஏறியபின் யாரும் பேசக்கூடாது. அவள் இன்னும் ஏறவில்லை.

"இனிமே காதுப் பக்கம் எடம் கெடையாது, ஆவுடை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்தேன்.

"எப்பத் தெரியும்?"

"பலகை மாத்துனன்னைக்கு."

"அதான் ஆணி துருப்பிடிச்சிருந்துச்சா?"

"எனக்காக இன்னொரு குண்டு தப்பவிட்டேன்னு வையி, தண்ணி பாட்டில் நான் தூக்க மாட்டேன். நீயே தூக்கிக்க."

அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டுக்குப் போனாள்.

மணி அடித்தது. அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பேசிக்கொண்டே பெட்டி மடிக்கிற கை அது. தடுப்பிலிருந்து தடுப்புக்கு அவள் போனது தெரிந்தது, நின்றது தெரியவில்லை. மூன்றாம் தாங்கியில் அந்த ஒரு மூலையில் இரண்டு குண்டு, ஒன்றின் தோளில் ஒன்று. ஹெச்.எம். நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். டேப் ஒட்ட நான் முதல் ஆளாக ஓடினேன். உருண்டை முனைக் கிழிசல், அட்டைக்குள்ளே. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள்கூட அருகில் இல்லை.

முடிவு: ஆவுடைத்தாய் இரண்டாவது இடம். நான் ஐந்தாவது. பெருமாள்சாமி தலையில்லாத அட்டையில் முதலிடம் வந்துவிட்டு, இது தகுதியில்லாத அட்டை என்று இன்னமும் திட்டிக்கொண்டிருந்தார். உமாபதி என் தோளைத் தட்டி, "மாநிலப் போட்டி திருச்சில அண்ணாச்சி. அஞ்சு பாட்டில்" என்றார். சரி என்றேன். பாட்டில் தூக்குவதில் இந்த மாவட்டத்தில் என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது?

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது ஆவுடையை மட்டும் காணோம். தேடினால் மூன்றாம் தாங்கிக்குப் பின்னால் குனிந்து நிற்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. புதுப் பலகை, நான் அடித்தது. என் குண்டு பெரிசு, ஓட்டை தனியாகத் தெரியும்.

நான் உண்மையாகத்தான் தோற்றேன் என்று வாயால் சொன்னால் இவள் நம்பவா போகிறாள்? இதே வேலையை இரண்டு வருடம் செய்தவள். அவளே பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஒன்று மேலே, ஒன்று எங்கோ கீழே, ஒன்று பலகையின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ஒன்றுக்கொன்று பக்கத்து ஊர்கூட இல்லை. நிமிர்ந்தாள். முகம் மலர்ந்து கிடந்தது.

"நாலு தெசையிலயும் செதறிக் கெடக்கு. நெசமாத்தாங்க தோத்திருக்கீங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில், என்னை இவ்வளவு நம்பி இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.